விடுகிற மூச்சு, எடுக்கிற மூச்சு

தமிழில் நாம் மூச்சு விடுகிறோம். சிங்களத்தில் ‘ஹுஸ்ம கன்னவா’ என்பார்கள். மூச்சு எடுப்பது என்று அர்த்தம். இரண்டும் ஒரே காரியம்தான். உள்ளே போவதும் வெளியே வருவதும் சேர்ந்ததுதான் மூச்சு. வெளியே வருகிற பாதியை வைத்து நாம் பெயர் சொன்னோம், உள்ளே போகிற பாதியை வைத்து அவர்கள் சொன்னார்கள். சிறுபிள்ளை வார்ட்டில் சிற்றூழியராக இருந்து, இந்த இரண்டு மொழிக்கும் நடுவே காலமெல்லாம் ஓடித் திரிந்த எனக்கும் இது கண்ணில் பட்டதில்லை. ஒரு பிள்ளையால்தான் தெரிய வந்தது.

நான் ஓய்வு பெற்ற பிரியாவிடை அன்று என்னை ஒலிவாங்கியின் முன்னால் நிறுத்தி, “ஸ்டெல்லா அக்கா, உங்களுக்கு மறக்க முடியாத ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லுங்க” என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நா எழாது. “எல்லாருக்கும் நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். இப்போது வார்ட்டில் கைபேசியை அம்மாமாரின் வாயருகே பிடித்து, தமிழைச் சிங்களமாக்கிக் கேட்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனாலும் அன்று சொல்லாமல் விட்டதை அந்தப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் உக்குவளைப் பக்கம் ஒரு கொக்கோ தோட்டத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் கூட்டித் துடைக்கிற வேலை, பிறகு சிறுபிள்ளை வார்ட்டு. யாரும் உட்கார வைத்துக் கற்றுத் தரவில்லை. பிள்ளையைப் பிடி என்றார்கள், பிடித்தேன். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கும்போது நெற்றியும் முழங்காலும் நெருங்கும்படி பிள்ளையை வளைத்து, கழுத்து நெரியாமல் பிடிக்க வேண்டும். அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளையைத்தான் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. மொழிபெயர்ப்பது என் வேலைப் பட்டியலில் இல்லை. ஆனால் தோட்டத்து அம்மா ஒருத்தி வந்து நின்றால், “ஸ்டெல்லா எங்கே?” என்று எங்கிருந்தாவது குரல் வரும். கையைத் துடைத்துக்கொண்டு போவேன். இன்னொருத்தருடைய வார்த்தையைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் வராது.

எங்கள் குழந்தை வைத்திய நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோரும் மேடம் என்போம். காலையில் வார்ட்டைச் சுற்றி வரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உடனே போகமாட்டார். இரண்டு முழம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சின்ன டொக்டர்மார் நோயாளியின் விவரம் எழுதுகிற டிக்கெட்டைத் திறந்து வாசிக்கத் தொடங்கினால், பார்வையை எடுக்காமலே, “பொறுங்க. பிள்ளை இன்னும் பேசி முடிக்கல” என்பார். பிள்ளை வாய் திறந்தே இருக்காது. அது எப்படி உட்கார்ந்திருக்கிறது, மூக்குத் துளை விரிகிறதா, விலாவுக்கு நடுவே தோல் உள்ளே போகிறதா என்பதெல்லாம் அவருக்குப் பேச்சு. பிறகு கண்ணாடியைக் கழற்றி என் கையில் தருவார். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார். அதற்குப் பிறகுதான் தொடுவார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. தாய் தகப்பனை நடித்துக் காட்டச் சொல்வார். வலிப்பு என்று வந்தால், “எப்படி வந்தது, செஞ்சு காட்டுங்க.” இருமல் என்றால், “இருமிக் காட்டுங்க.” வாயால் சொல்லும்போது எல்லாரும் வேறொருவர் சொன்ன வார்த்தையைச் சொல்கிறார்கள், செய்து காட்டும்போது பார்த்ததைத்தான் செய்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். உக்குவளை பஸாரில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் ஐயா, தன் மகனுக்கு வந்த குத்திருமலைச் செய்து காட்டப் போய், முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, கடைசியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் மிஸ் தண்ணீர் கொண்டு ஓடினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “அல்லாஹ், டொக்டர், எனக்கும் ஒரு கட்டில் தருவீங்களா?” என்றார். “மகன் இருமலை நிறுத்திட்டு வாப்பாவைப் பாத்துச் சிரிக்கிறான் பாருங்க” என்றார் மேடம். அந்த வார்ட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது எனக்கு நினைவிருக்கும் சில தடவைகளில் அது ஒன்று.

தர்ஷினி வந்த காலத்தில் எங்கள் வார்ட்டில் ஒரு சின்ன டொக்டர் இருந்தார். தென் பகுதிச் சிங்களப் பிள்ளை. அரசாங்க வகுப்பில் தமிழ் படித்திருந்தார். படித்ததை விடாமல் பேசியும் பார்த்தார். அப்படிப்பட்டவர்கள் குறைவு, அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு தாயிடம் பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு, “அம்மா, பிள்ளையைக் கழட்டுங்க” என்றார். அந்தத் தாய் திருதிருவென்று முழித்தாள். அன்றிலிருந்து வார்ட்டில் நாங்கள் ஊசி கழற்றினாலும் சேலைன் கழற்றினாலும் “பிள்ளையைக் கழட்டியாச்சு” என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தர்ஷினிக்கு ஒன்பது வயது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா பரமேஸ்வரி கொழுந்து பறிக்கிறவள், அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பிள்ளை முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மூச்சில் சத்தம். சின்ன டொக்டர் என்னைக் கூப்பிடவில்லை. நான் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, எப்ப சத்தம் வருது?”

“மூச்சு விடயிலதாங்க சார் வருது. ராவெல்லாம் அப்படித்தாங்க.”

“மூச்சு விடும்போது. சரி, சரி” என்று தலையாட்டி, டிக்கெட்டில் ஆங்கிலத்தில் எழுதினார். என் காதிலும் அது விழுந்தது. மூச்சு விடும்போது சத்தம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? விரிப்பை மடக்கிச் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். ஆனால் அவருடைய வகுப்பில் ‘விடு’ என்றால் வெளியே விடுவது. கையை விடு, வழியை விடு, மூச்சை விடு. மூச்சை வெளியே விடும்போது சத்தம் வந்தால் அது இழுப்பு நோய், ஆஸ்துமா. உள்ளே எடுக்கும்போது வந்தால் அது வேறு. தொண்டையிலோ பெரிய மூச்சுக் குழாயிலோ ஏதோ வழியை அடைக்கிறது. அந்த வித்தியாசம் பிறகுதான் எனக்கும் தெரியும்.

ஆவி மருந்து பிடித்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை தேறிவிட்டாள். தேறாமல் இருந்திருந்தால் அன்றே வேறு யோசித்திருப்பார்கள். ஆஸ்துமாவுக்குக் கொடுத்த மாத்திரை அவளுடைய உண்மையான நோயையும் கொஞ்சம் அடக்குகிற மாத்திரைதான் என்பது யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை முடிந்ததும் திரும்ப வந்தாள். திரும்பத் தேறினாள். மேடம் பார்க்கும் நேரத்தில் எப்போதும் சத்தம் அடங்கி, பிள்ளை எழுந்து நடந்துகொண்டிருப்பாள்.

நடந்துகொண்டிருப்பாள் என்பது சரியல்ல. நடித்துக்கொண்டிருப்பாள். நர்ஸ் மிஸ் மருந்து வண்டி தள்ளுகிற நடை, துப்புரவு செய்கிற மாமா துடைப்பத்தைத் தோளில் வைக்கிற விதம், எல்லாம் செய்வாள். சின்ன டொக்டரின் முகத்துக்கு நேரே போய், அவர் குரலிலேயே, “அம்மா, பிள்ளையைக் கழட்டுங்க” என்று அவள் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குரல் மட்டும் கரகரத்திருந்தது. இருமி இருமித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தோம்.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ, மேடம் அவள் கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம் நின்றார்.

“இந்த மூக்கு பிறந்ததுலேருந்தே இப்படியா?” என்று அம்மாவிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

மூக்கின் நடுத்தண்டு அமுங்கியிருந்தது. பரமேஸ்வரி, “இல்லீங்க. முந்தி எடுப்பாத்தான் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல வுழுந்திருப்பான்னு நெனச்சேன். இப்ப புள்ளைங்க சப்ப மூக்கின்னு கூப்புடுதுங்களாம்” என்றாள்.

“நான் அவளுகள வண்டு மூஞ்சின்னுதான் கூப்புடுறேன்” என்றாள் தர்ஷினி.

“காதுல என்ன குச்சி?” என்றார் மேடம்.

காதுத் துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. “கம்மல் சேரலீங்க. பித்தளைக் கம்மல். காது செவந்து வீங்கிப் போச்சு. கழட்டிட்டுக் குச்சி போட்டேன். வத்திருச்சு. பொறகு மத்தக் காது வீங்குச்சு.”

மேடம் குனிந்து காதை விரலால் தொடாமல் பார்த்தார். மேல் மடல் தடித்து, சிவந்து, மடிப்புகள் மறைந்து கிடந்தது. தோடு போடுகிற கீழ்ச்சதை மட்டும் மெதுவாக, சாதாரணமாக இருந்தது.

“கம்மல் போடுற இடம் நல்லா இருக்கு” என்றார் மேடம். “போடாத இடம் வீங்கியிருக்கு. கம்மல் மேல என்ன குத்தம்?”

நான் தமிழில் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார்.

“அம்மாவை, பிள்ளைக்கு ரொம்ப மூச்சு முட்டுப்பட்டப்போ வந்த சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.”

“ஐயோ, எனக்கு வராதுங்க. வெக்கமா இருக்குங்க” என்று பரமேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“போடு தாயி, இங்க யாரு சிரிக்கப் போறா” என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா.

“அம்மா, நான் வேணும்னா போடவா?” என்றாள் தர்ஷினி.

“நீ சும்மா இரு.”

பரமேஸ்வரி முந்தானையை இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் மேலே ஏறின. தொண்டைக் குழி உள்ளே அமுங்கியது. சேவல் கூவத் தொடங்கி முடிக்காமல் நின்றது போன்ற ஒரு நீண்ட சத்தம் அவள் வாய்க்குள் போனது. உள்ளே போனது. பிறகு மூச்சை வெளியே விட்டாள். அதில் சத்தமே இல்லை.

“இன்னொரு தடவை.”

திரும்பவும் அப்படியே. உள்ளே சத்தம், வெளியே ஒன்றுமில்லை.

மேடம் டிக்கெட்டை வாங்கி, பழைய பக்கங்களைத் திருப்பினார். சின்ன டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவர், “அம்மா சொன்னதைத்தான் எழுதினேன் மேடம். மூச்சு விடும்போது என்றாங்க” என்றார். மேடம் என் பக்கம் திரும்பினார். “ஸ்டெல்லா, மூச்சு விடுறது என்றால் வெளியே மட்டும்தானா?”

“இல்ல மேடம். எல்லாம் சேர்த்து. ஹுஸ்ம கன்னவா என்கிற மாதிரி.”

மேடம் டிக்கெட்டை மூடினார். “நாங்க எடுக்கிறோம், நீங்க விடுறீங்க. நடுவில் இந்தப் பிள்ளை” என்றார். சின்ன டொக்டரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. “உன் தமிழும் சரி, அவங்க தமிழும் சரி. இரண்டும் சந்திக்கல. நானும்தான் ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வச்சு வீட்டுக்கு அனுப்பினேன்” என்று அவர் தோளில் கை வைத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றே மேடம் பரமேஸ்வரியை உட்கார வைத்து விளக்கினார். தன் காது மடலை வளைத்துக் காட்டினார். மூக்கின் நுனியை ஆட்டினார். தொண்டையில் விரல் வைத்தார். “இங்கெல்லாம் இருக்கிறது ஒரே வகை எலும்பு. வளையும், உடையாது. கோழிக்கறியில கடிச்சுத் தின்கிற வெள்ளை எலும்பு மாதிரி. குருத்தெலும்பு. மூச்சுக் குழாய் அமுங்காமல் திறந்திருக்க இதுதான் வளையம் வளையமாகத் தாங்கிக்கொண்டிருக்கு. நோய்க் கிருமியை அடிக்கிறதுக்கு உடம்பில் ஒரு படை இருக்கு. உங்க பிள்ளைக்கு அந்தப் படை இந்த எலும்பை எதிரி என்று நினைச்சு அடிக்குது.”

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி முடித்தேன். பரமேஸ்வரி யோசித்தாள்.

“காவலுக்கு வளத்த நாயி வீட்டுப் புள்ளையக் கடிக்குதுன்னு சொல்றாங்களா அக்கா?”

சிங்களத்தில் சொன்னதும் மேடம் நிமிர்ந்து பார்த்தார். “அதேதான். நாயைக் கட்டிப்போட மருந்து இருக்கு. ஆனால் நாயைக் கட்டினால் திருடன் வருவான். அதையும் சொல்லுங்க. சாதாரண காய்ச்சல் வந்தாலும் ஓடி வரணும்.”

“இது எங்க தோட்டத்துல யாருக்கும் வந்ததில்லீங்களே.”

“நானும் இந்த நோயோடு ஒரு பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். பெரியவங்களுக்கே அரிது, பிள்ளைகளுக்கு அதைவிட அரிது” என்றார் மேடம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தமாட்டார்.

கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். போகும் வழியில் மூச்சுக் குழாய் அடைத்துவிடக் கூடாது. பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, அழ வைக்கக் கூடாது, வாய்க்குள் குச்சி விட்டுப் பார்க்கக் கூடாது. அம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒட்சிசன் முகமூடியை முகத்தில் அழுத்தாமல் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்க என்னை அம்புலன்ஸில் அனுப்பினார்கள். சின்ன டொக்டரும் வந்தார். முழு வழியும் அவர் பிள்ளையின் தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, சைரன் போட மாட்டாங்களா?” என்றாள் தர்ஷினி, கரகரத்த குரலில்.

“பயப்படுவேன்னு போடல.”

“நானா? இதுக்கா ஏறுனேன்!”

ஓட்டுநரிடம் சொன்னேன். அக்குறணையில் லொறிகளுக்கு நடுவே அவர் சைரனைப் போட, அவள் கடைக்காரர்களைப் பார்த்து மந்திரிமாரைப் போல் கையசைத்துக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கியதும் ஒருவர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, வழக்கப்படி படுக்க வைக்கச் சொன்னார். பரமேஸ்வரி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். நான், “படுக்க வைக்கக் கூடாது!” என்று சிங்களத்தில் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் பாவம், உடனே வண்டியை விட்டுவிட்டுச் சக்கர நாற்காலி எடுத்து வந்தார்.

அங்கே கருவி விட்டுப் பார்த்தார்கள். குரல்வளைக்குக் கீழே குழாய் ஒடுங்கி, மெத்தென்று தளர்ந்திருந்தது. கழுத்தில் துளையிட்டு ஒரு வளைந்த குழாய் வைத்தார்கள். பலமான மருந்துகள் தொடங்கினார்கள். நாய் அடங்கியது போலத்தான் இருந்தது. காது வெளுத்தது. வீட்டுக்குப் போவதற்கு முன் அம்மா பழகட்டும் என்று எங்கள் வார்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தப் பழக்கத்தை எழுதாமல் விட முடியாது. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழுத்துக் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். அதைத் திருகி எடுத்து, உப்பு நீரில் சின்னத் தூரிகையால் தேய்த்து, உதறிப் போட வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற நாடாவுக்குள் ஒரு விரல் போக வேண்டும். இரண்டு விரல் போனால் தளர்வு, ஒன்றும் போகாவிட்டால் இறுக்கம். சளியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தைச் சக்கர் என்போம். அதன் மெல்லிய குழாயைக் கழுத்துக்குள் விட்டு உறிஞ்சும்போது பிள்ளைக்கு மூச்சு இல்லை. அதனால் எங்கள் வார்ட்டுத் தலைமை நர்ஸான சிஸ்டர் இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: “நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு எப்ப முட்டுதோ, அதுக்கு முன்னாலேயே வெளியே எடுத்திடணும்.”

பரமேஸ்வரியின் விரல்கள் கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்தன. முதல் நாள் குழாய் கை தவறிப் பிள்ளையின் மார்பில் விழுந்தது. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு பப்பாசி இலையை ஒடித்து வந்தாள். அதன் காம்பு உள்ளே வெற்றாக இருக்குமல்லவா, அதற்குள் விட்டு விட்டு எடுத்துப் பழகினாள். வாயை இறுக மூடி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் அதைச் செய்ததைப் பார்த்துத் தர்ஷினி சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. குழாய் வைத்த பிறகு அவளுக்குக் குரல் போய்விட்டது. அழுதாலும் கேட்காது. கை தட்டிக் கூப்பிடுவாள். தூங்கும்போது என்ன செய்வது என்று யோசித்து, பரமேஸ்வரி தன் மணிக்கட்டையும் மகளின் மணிக்கட்டையும் ஒரு நூலால் இணைத்துக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்குப் போனார்கள். மின்சாரம் நின்றால் காலால் மிதிக்கிற பம்ப் ஒன்றும் கொடுத்திருந்தோம். பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள், புகை பிள்ளைக்கு ஆகாதென்று, தங்கள் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டார்களாம். மழையில் குடை பிடித்துச் சமைத்ததாக, கிளினிக்குக்கு வரும்போது பரமேஸ்வரி சொல்வாள். தர்ஷினி அதையும் நடித்துக் காட்டுவாள், ஒரு கையில் குடை, ஒரு கையில் அகப்பை. மாத்திரையால் கன்னம் உப்பி, உடம்பு கனத்திருந்தாலும் கண் அப்படியேதான் இருந்தது. சின்ன டொக்டர் மாற்றலாகிப் போன பிறகும், கிளினிக் நாளில் அவளைப் பார்க்கத் தூரத்திலிருந்து பஸ் ஏறி வருவார்.

மேடம் மட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சின் கீழ்ப்பக்கத்தில் வெகுநேரம் கேட்பார். ஒரு நாள் அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: “கழுத்துக் குழாய் அதுக்கு மேலே இருக்கிற அடைப்புக்குத்தான். அதுக்குக் கீழே நோய் போனால் நமக்கு வழியில்லை.”

கீழே போனது. நுரையீரலுக்குப் பிரிகிற இரண்டு கிளைகளும் ஒடுங்கின. கண்டியில் மூச்சு இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள், மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். இனிச் செய்ய எதுவும் இல்லை என்ற நிலை வந்தபோது, எங்கள் வார்ட்டுக்கே போய்விடுகிறோம் என்று பரமேஸ்வரி கேட்டுக்கொண்டாளாம். அப்படியே கொண்டு வந்தார்கள்; அப்பாவும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவர் ஜன்னலோரம் நின்றார்.

அன்று காலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடிந்திருந்தது. பரமேஸ்வரி சக்கர் இயந்திரத்தைப் போட்டுச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குழாய் சுத்தமாக வெளியே வந்தது. கழுவினாள், திரும்ப விட்டாள். திரும்பவும் சுத்தமாக வந்தது.

“சளி அடியில இருக்கு அக்கா. இன்னுங் கொஞ்சம் எடுத்தாச் சரியாயிரும்.”

மேடம் வந்தார். அன்று தள்ளி நிற்கவில்லை. நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார். “சளி இல்லை. போதும் என்று சொல்லுங்க. உறிஞ்சுறது பிள்ளைக்குக் கஷ்டம்.”

நான் சொன்னேன். பரமேஸ்வரி கையை நிறுத்தினாள். “நான் எங்கயோ தப்பு வுட்டுட்டேன். மேடத்துக்கிட்ட கேளுங்க அக்கா, எங்க வுட்டேன்னு. நாடா எறுக்கமாயிருச்சா? பொகை போச்சா?”

நான் கேட்டேன். மேடம் சொன்னார்: “ஒரு இடத்திலும் தப்பு இல்லை. இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த ஒரு குழாயை நான் பார்த்ததில்லை.” அதை நான் தமிழில் சொன்னேன். பரமேஸ்வரி அதைக் கேட்டு ஆறுதல் அடையவில்லை. தப்பு இருந்திருந்தால் அதைத் திருத்தலாம். அவள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்ப இப்ப நான் என்ன செய்யணும்?”

அதை நான் சிங்களத்தில் கேட்டேன். எத்தனையோ வருஷம் என் மூலம் பேசிய மேடம், என்னைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அவளிடமே சொன்னார்: “அம்மா... மடி. மடியில... வைங்க.”

பரமேஸ்வரி கட்டிலில் ஏறி, பிள்ளையைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் சக்கர் இயந்திரத்தை நிறுத்தினேன். தர்ஷினி கண் திறந்து பார்த்தாள். அம்மாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். பிறகு கை நழுவியது. அப்பா வந்து அந்தக் கையை எடுத்துக்கொண்டார்.

பரமேஸ்வரி தன் உள்ளங்கையைக் கழுத்துக் குழாய்க்கு நேரே, தொடாமல் பிடித்திருந்தாள். அங்கேதான் மூச்சு வந்து படும். கண்ணை மூடிக்கொண்டு அதையே கவனித்தாள். வார்ட்டில் வேறு பிள்ளைகள் அழுதன, தட்டு விழுந்தது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மேடம் நெஞ்சின் அசைவைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நின்றதை நான் கண்டேன். மேடமும் கண்டிருப்பார். கை இன்னும் அங்கேயே இருந்தது. அதனால் அவர் அசையவில்லை. நர்ஸ் மிஸ் ஏதோ கேட்க வந்தபோது, விரலை உயர்த்தி நிறுத்தினார்.

வெகுநேரம் கழித்துப் பரமேஸ்வரியின் கை மெதுவாகக் கீழே இறங்கி மகளின் மார்பில் படிந்தது. அதற்குப் பிறகுதான் மேடம் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துச் சூடாகும்வரை தேய்த்தார். பிறகு வைத்துக் கேட்டார்.